வேம்பூர்ப் பொட்டு ஆடு: சிறு பண்ணையில் வளர்ப்பும் கிடாய்த் தேர்வும்

வேம்பூர் ஆடு தமிழ்நாட்டின் உயரமான செம்மறி இனங்களில் ஒன்று. தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் ஆகிய ஊர்களும், அவற்றை ஒட்டி விருதுநகர் மாவட்டத்துக்குள் நீளும் கரிசல் காடுகளும் இதன் பூர்வீகம். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அதனால் அந்த வட்டாரத்தில் இதைப் பொட்டு ஆடு என்கிறார்கள்; கரந்தை ஆடு என்ற பெயரும் உண்டு.

தமிழ்நாட்டின் செம்மறிகளில் பத்து இனங்கள் பதிவு பெற்றவை: சென்னை சிவப்பு, மேச்சேரி, கோயம்புத்தூர், நீலகிரி, ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், திருச்சி கருப்பு, வேம்பூர், செவ்வாடு, கச்சைக்கட்டி கருப்பு. 1984இல் தொடங்கப்பட்டு ஹரியானாவின் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம்தான் இந்தப் பதிவைச் செய்கிறது. இவற்றில் நீலகிரி ஆடு நயமான கம்பளிக்குப் பெயர்பெற்றது. மேச்சேரி ஆடு தோலுக்குப் பெயர்பெற்றது. அந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேம்பூர் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. உடம்பெங்கும் குட்டையான மயிர்தான். மயிர் கத்தரிக்கும் வேலையே இல்லை. வளர்ப்பது முழுக்க இறைச்சிக்காக.

நல்ல வேம்பூர் ஆட்டை அடையாளம் காண நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. காதுகள் நடுத்தர நீளத்தில் தொங்கி நிற்கும். வால் குட்டையாக, மெல்லியதாக இருக்கும். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. கால்கள் நீண்டு, வயிறு தரையிலிருந்து நன்றாக விலகி நிற்கும். வளர்ந்த கிடாய் சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 28 கிலோவும் தேறும். பக்கத்து இனமான கீழக்கரிசல் இதற்கு நேர்மாறான தோற்றம் கொண்டது: சிறிய உடம்பு, கருஞ்செம்பழுப்பு நிறம், கரிய வயிறு, கிடாய்க்குப் பருத்து முறுக்கிய கொம்பு. இரண்டும் ஒரே காட்டில் மேய்ந்தவை, ஒரே பட்டியில் அடைந்தவை. ஆகவே கலப்பும் நடந்திருக்கிறது. பொட்டு இருக்கிறது என்பதற்காக ஒரு குட்டியை வேம்பூர் என்று சொல்லிவிட முடியாது. கால் உயரம், காதின் தொங்கல், வால், தாயின் உடல்வாகு எல்லாம் சேர்ந்துதான் இனத்தைச் சொல்லும். பொட்டின் அழகைப் பார்த்து மட்டும் ஆடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

இந்த ஆட்டின் நீண்ட கால்கள் கரிசலில் நடந்து மேய்வதற்குப் பொருத்தமானவை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம் இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை. மற்ற மாதங்களில் பெரும்பாலும் வெயில். உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், பருத்தி, குதிரைவாலி, இப்போது மிகுதியாக மக்காச்சோளம் விளைகின்றன. அறுவடை முடிந்த காடுகள்தான் ஆட்டுக்கு மேய்ச்சல். பங்குனிக்குப் பிறகு புல் கருகிவிடும். அப்போது ஒரு வாய் தழைக்கும் நாலு நெற்றுக்கும் ஆடு காடு காடாக நடக்க வேண்டும். வெள்ளை மயிர் வெயிலைத் தாங்க ஓரளவு உதவுகிறது. உச்சி வெயிலில் ஆடுகள் வட்டமாகக் கூடி, ஒன்றன் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். தலையில் வெயில் படாமல் காத்துக்கொள்ளும் முறை அது.

இனம் அருகி வருவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மேய்ச்சல் நிலம் சுருங்கியது, சீமைக்கருவேலம் புறம்போக்கை மூடியது, காற்றாலைகளும் சூரிய மின் பூங்காக்களும் வந்தது, மேய்க்க ஆள் இல்லாமல் போனது எல்லாமே உண்மைதான். அவற்றில் எதையும் ஒரு தனி விவசாயியால் மாற்ற முடியாது. ஆனால் அவர் கையில் இருக்கும் காரணம் ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது: நல்ல கிடாய்க் குட்டிகள் விற்றுப் போவது.

வியாபாரி பட்டிக்கு வந்தால் அவர் கை முதலில் போவது இருப்பதிலேயே பெரிய கிடாய்க் குட்டியின் மேல். முதுகைப் பிடித்துப் பார்ப்பார், பின்னங்கால் சதையை அழுத்திப் பார்ப்பார், விலை பேசுவார். மூன்று நான்கு மாதத்தில் வேகமாக வளர்ந்த குட்டிக்குத்தான் நல்ல விலை. அதுவும் தீபாவளி, பக்ரீத் நெருங்கும்போது யாருக்கும் அதை நிறுத்தி வைக்க மனம் வராது. பிந்திப் பிறந்தது, பால் போதாமல் வற்றியது, யாரும் கேட்காதது எதுவோ அதுதான் பட்டியில் மிஞ்சும். ஒன்றரை வயதில் அதுவே பொலி கிடாய் ஆகிவிடும். வேகமாக வளரும் தன்மை கசாப்புக் கடைக்குப் போகிறது, மெதுவாக வளரும் தன்மை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. இப்படிப் பத்து ஆண்டுகள் நடந்தால் ஆடு சிறுத்துப்போகும். பிறகு, ‘நாட்டு இனம் தேறாது’ என்று வெளியூர்க் கிடாயைக் கொண்டுவந்து விடுவார்கள். இனம் அழிவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆகவே சிறு பண்ணையில் வேம்பூர் ஆடு வளர்ப்பது என்றால், அதில் பாதிக்கு மேல் கிடாய் பற்றிய வேலைதான். பட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதி மரபு கிடாயிடமிருந்து வருகிறது. இருபது பெட்டைகள் சேர்ந்து தரும் பங்கை ஒரே கிடாய் தருகிறது. எனவே கிடாய் நன்றாக இருந்தால் மட்டும் போதாது; ஒன்றுக்கு மேல் இருக்கவும் வேண்டும்.

இதற்கு மரபியலில் எளிய கணக்கு ஒன்று உண்டு. கிடாய்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கி, மொத்த ஆடுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு கிடாயும் 20 பெட்டைகளும் இருந்தால் 80ஐ 21ஆல் வகுக்க 3.8 வரும். அதாவது, 21 உருப்படி உள்ள அந்தப் பட்டி மரபுக் கணக்கில் நாலே ஆடுகள் உள்ள பட்டிக்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளினச் சேர்க்கை சுமார் 13 சதவீதம் ஏறும். அதே 20 பெட்டைகளுக்கு மூன்று கிடாய்களை வைத்தால் எண் 10.4 ஆகும், உள்ளினச் சேர்க்கை 5 சதவீதத்துக்குள் வரும். ஓர் இனத்தைக் காப்பாற்ற இந்த எண் குறைந்தது 50 ஆவது இருக்க வேண்டும் என்பது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்கு 100 பெட்டைகளுக்கு 15 கிடாய்கள் வேண்டும். தனி ஒரு சிறு விவசாயியால் இது முடியாது. தலைக்கு 20 பெட்டையும் மூன்று கிடாயும் வைத்திருக்கும் ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் முடியும்.

உள்ளினச் சேர்க்கையின் விளைவு முதல் குட்டியிலேயே தெரியாது. குட்டிகள் எடை குறைந்து பிறக்கும். தாய்ப்பால் குறையும். சினை நிற்காத பெட்டைகள் கூடும். ஒரே மாதிரியான ஊனம் இரண்டு மூன்று குட்டிகளில் தென்படும். தீவனக் குறை என்றும் புழு என்றும் நினைத்து மருந்துக்குச் செலவு செய்துகொண்டே இருப்பார்கள். காரணம் கிடாயில் இருக்கும்.

கிடாயை எப்போது மாற்றுவது என்பதையும் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஒரு கிடாய் பட்டியில் இறங்கி ஐந்து மாதத்தில் அதன் முதல் குட்டிகள் பிறக்கும். அந்தப் பெட்டைக் குட்டிகள் ஏறக்குறைய ஒரு வயதில் பருவத்துக்கு வரத் தொடங்கும். ஆக, வந்து ஒன்றரை ஆண்டு ஆனதும் கிடாய் தன் மகள்களோடு சேரும் நிலை வந்துவிடுகிறது. அதற்குள் அதை வேறு பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். விற்கத் தேவையில்லை. ஐந்து பண்ணைகள் ஒரு வட்டமாக ஏற்பாடு செய்துகொண்டால், முதல் பண்ணையின் கிடாய் இரண்டாவதுக்கு, இரண்டாவதின் கிடாய் மூன்றாவதுக்கு என்று ஒரே திசையில் நகர்ந்து, ஐந்தாவதின் கிடாய் முதலாவதுக்கு வரும். திசையை மாற்றாமல் இருந்தால் போதும். நெருங்கிய உறவுச் சேர்க்கையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். பெட்டைகளை இடம் மாற்றவே வேண்டாம்.

மாற்றி வரும் கிடாயை நேரே மந்தையில் விட்டுவிடக் கூடாது. மூன்று வாரம் தனியே கட்டி வைத்து, குடற்புழு நீக்கி, மூக்கு வாய் குளம்பு மூன்றையும் நாள்தோறும் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஒரு நல்ல ஏற்பாடு ஐந்து பண்ணைக்கும் நோயைப் பரப்பும் வழியாகவும் மாறிவிடலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பொலி கிடாய்க்கான குட்டியைப் பிறந்த மூன்றாம் மாதத்திலேயே தெரிந்தெடுத்துவிடலாம். அந்தப் பருவத்தின் கிடாய்க் குட்டிகளில் எடையில் முன்னால் நிற்கும் மூன்று நான்கை ஒதுக்கி, அவற்றின் தாய்களைப் பார்க்க வேண்டும். தவறாமல் குட்டி போட்ட தாய், பால் குறையாத தாய், மடி நோய் கண்டிராத தாய், வறட்சியிலும் உடம்பு விடாத தாய் எதுவோ அதன் மகனை வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி ஒரு முறை: கால்கள் நேராக இருக்கின்றனவா, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகின்றனவா, விதைகள் இரண்டும் சம அளவில் இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு விதை மட்டும் இறங்கிய குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இறைச்சிக்குத்தான். பொலிக்கு விடும் வயது ஒன்றரை. ஒரு கிடாய் 25 முதல் 30 பெட்டைகளைச் சமாளிக்கும். மற்ற கிடாய்க் குட்டிகளை நாலு மாதத்தில் பிரித்து அடைக்க வேண்டும், அல்லது காயடித்துவிட வேண்டும். அடைக்க இடமில்லாத பட்டியில் கிடாயின் வயிற்றுக்குக் கீழே சாக்குத் துணி கட்டியும் சேர்க்கையைத் தடுக்கலாம்.

முதல் ஆடுகளை வாங்குவது பற்றி ஒரு சொல். எட்டயபுரம் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பெயர்பெற்றது; அங்கே பொட்டு ஆடுகளும் வரும். இறைச்சிக்கு வாங்கச் சந்தை நல்ல இடம். வளர்ப்பதற்கு அப்படி அல்ல. ஆடு எந்தப் பட்டியிலிருந்து வந்தது, தாய் எது, ஏன் விற்கிறார்கள் என்பது சந்தையில் தெரியாது. சினை நிற்காத பெட்டையும் நோயில் தேறிய பெட்டையும் அங்கேதான் வந்து சேரும். பூர்வீக ஊர்களில் இரண்டு மூன்று பட்டிகளை நேரில் பார்த்து, அங்கே ஏழு, இங்கே ஏழு என்று பிரித்து வாங்கினால் தொடக்கத்திலேயே மரபு விரிவு கிடைக்கும். வயதைப் பல்லில் பார்க்கலாம். பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைத்தது ஒன்று, ஒன்றரை வயது. நாலு பல் இரண்டு வயதை ஒட்டி. ஆறு பல் மூன்று வயதை ஒட்டி. எட்டும் சேர்ந்தால் நாலு வயதை ஒட்டி. இரண்டு பல், நாலு பல் ஆடுகள் வாங்கத் தோதானவை. ஒரு குட்டி போட்டு, அந்தக் குட்டியும் கூடவே நிற்கும் பெட்டை கிடைத்தால் கொஞ்சம் விலை கூடுதலானாலும் வாங்கலாம். அது பால் கொடுக்கும் என்பதற்கு அந்தக் குட்டியே சாட்சி.

கொட்டகை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி போதும். கிடாய்க்கு இரண்டு மூன்று மடங்கு. கூரை ஓலையானாலும் தகரமானாலும் காற்று நன்றாக ஓட வேண்டும். கரிசலில் செலவழிக்க வேண்டிய இடம் தரை. மழை பெய்தால் கரிசல் மண் களியாகி ஆட்டின் குளம்பிடுக்கில் அப்பிக்கொள்ளும். மறுநாள் வெயிலில் அது காய்ந்து கல் மாதிரி இறுகும். ஆடு நொண்டும், இடுக்கில் புண் வரும், புண்ணில் நாற்றம் எடுத்துக் குளம்பழுகல் ஆகும். எனவே கொட்டகைத் தரையை ஒன்றிரண்டு அடி உயர்த்தி, சரளைக் கல்லும் செம்மண்ணும் கொட்டி இறுக்க வேண்டும். வசதியிருந்தால் பலகைப் பரண் போடலாம். மழை மாதங்களில் வாசலில் பத்து சதவீத சிங்க் சல்பேட் கரைசல் ஊற்றிய ஆழமில்லாத தொட்டியில் ஆடுகளை நிறுத்தி நடத்துவது குளம்புக்கு நல்லது. மயில்துத்தக் கரைசலும் வழக்கத்தில் உண்டு. ஆனால் செம்பு செம்மறிக்கு எளிதில் நஞ்சாகும் என்பதால், ஆடு அதைக் குடித்துவிடாமல் பார்க்க வேண்டும். இதே காரணத்தால்தான் மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் தாது உப்புக் கலவையை, விலை மலிவு என்று செம்மறிக்கு வைக்கக் கூடாது. செம்மறிக்கென்று தயாரித்ததையே வாங்க வேண்டும்.

மேய்ச்சலுக்குக் காலையில் பனி விலகிய பிறகு ஓட்டுவதே சரி. அதற்கு முன் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஈரப் புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளவர் அதில் ஒரு ஏக்கரைக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் முயல் மசாலுக்கும் ஒதுக்கினால் பங்குனி வரை பச்சை கிடைக்கும். கிணறு இருந்தால் கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளமும் வேலிமசாலும் போடலாம். வரப்பில் அகத்தி, வேம்பு, வாகை. கோடையில் கருவேல நெற்றும் உடை நெற்றும் நல்ல புரதத் தீவனம். மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தால் ஆனி, ஆடி வரை உதவும். வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளில் நாலைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும். நன்றாக மேய்ந்து வரும் பெட்டைக்குக் கலப்புத் தீவனம் தேவையில்லை. இரண்டு சமயங்களில் மட்டும் நாளுக்கு 200 கிராம் வைக்க வேண்டும்: கிடாய் சேர்ப்பதற்கு முந்தைய மூன்று வாரம், சினையின் கடைசி ஆறு வாரம். வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது.

கரிசல் மேய்ச்சலில் ஆடு சட்டென்று சாகும் இடங்கள் இரண்டு. முதலாவது மக்காச்சோளக் காடு. கதிர் அறுத்த காட்டில் உதிர்ந்து கிடக்கும் மணிகளை ஆடு பொறுக்கித் தின்னும். பசியோடு இறங்கிய ஆடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் இரையறையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, அன்றிரவோ மறுநாளோ விழுந்துவிடும். அந்தக் காட்டில் விடும் முன் வேறு இடத்தில் வயிறு நிறைய மேயவிட வேண்டும். முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. இரண்டாவது மறுதாம்புச் சோளம். அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப் பிறகு துளிர்க்கும் குருத்திலும், வறட்சியில் வாடிய இளம் பயிரிலும் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். தின்ற சில நிமிடங்களில் ஆடு மூச்சிரைத்து, தள்ளாடி, விழுந்துவிடும். கால்நடை மருத்துவரின் ஊசிக்குக் குணமாகக்கூடியதுதான் என்றாலும், அவர் வந்து சேரும் வரை ஆடு தாங்காது. முழங்கால் உயரச் சோளத்தில் ஆட்டை இறக்காமல் இருப்பதே வழி.

குட்டி ஈனும் காலத்தை விவசாயிதான் தீர்மானிக்க வேண்டும். கிடாய் ஆண்டு முழுவதும் மந்தையோடு இருந்தால் ஐப்பசிச் சேற்றிலும் சித்திரை வெயிலிலும் குட்டிகள் பிறந்து சாகும். ஆடியில் கிடாயைச் சேர்த்தால் ஐந்து மாதம் கழித்து மார்கழி, தையில் குட்டிகள் விழும். மழை ஓய்ந்து காடு பசேலென்று இருக்கும் காலம் அது. தாய்க்குப் பால் ஊறும், குட்டி மேயத் தொடங்கும்போது பயறு அறுத்த காடும் திறந்திருக்கும். பெட்டை ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஒன்று, ஒன்றரை நாள்தான் அது நிற்கும். காவிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துக் கிடாயின் நெஞ்சில் தடவிவிட்டால், அது ஏறிய பெட்டையின் பின்முதுகில் சிவப்புத் தடம் விழும். எந்தப் பெட்டை எந்த நாளில் சேர்ந்தது என்று மாலையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். 17 நாள் கழித்துக் காவிக்குப் பதில் நீலம் தடவ வேண்டும். நீலத் தடமும் விழுந்த பெட்டைக்கு முதல் முறை சினை நிற்கவில்லை என்று அர்த்தம். பாதிக்கு மேல் பெட்டைகளில் நீலம் தெரிந்தால் குறை கிடாயில் இருக்கிறது. உடனே மாற்ற வேண்டும். ஐம்பது ரூபாய் கூடச் செலவில்லாத இந்த முறையால் ஒரு பருவமே வீணாகாமல் தப்பிக்கலாம்.

வேம்பூர் ஆடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நேரம் நெருங்கியதும் பெட்டை மந்தையை விட்டு ஒதுங்கும், காலால் தரையைப் பறிக்கும், படுத்து எழும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிட வேண்டும். பிறந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் துடைத்துவிட்டு, மற்றதைத் தாய் நக்கிச் சுத்தம் செய்ய விட வேண்டும். அப்படி நக்கும்போதுதான் தாய்க்குத் தன் குட்டியின் வாசனை பதிகிறது. தொப்புளில் அயோடின் தடவ வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். முதலில் தாயின் காம்பைப் பிதுக்கி, அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டுக் குட்டியை விடுவது நல்லது. இந்த இனத்தின் பால் குட்டிக்குத்தான் சரியாக இருக்கும். வீட்டுக்கென்று கறக்கக் கூடாது. மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். தாய் மேயப் போகும் நேரத்தில் குட்டிகளை ஓலையால் முடைந்த கூட்டில் அடைத்து வைப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். வெயிலும் நாயும் பருந்தும் அண்டாது. கூட்டுக்குள் கட்டித் தொங்கவிட்ட வேப்பங்குழையைக் கடித்துத்தான் குட்டிகள் மேயப் பழகுகின்றன.

நாட்டு இனம் என்றால் நோயே வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. கரிசலின் வெயிலுக்கும் தீவனப் பஞ்சத்துக்கும் வேம்பூர் ஆடு பழகியது உண்மை. ஆனால் ஆட்டுக்கொல்லி நோயும் நீலநாக்கு நோயும் இனம் பார்ப்பதில்லை. சிறு வட்டாரத்துக்குள் அடங்கிய ஓர் இனத்துக்கு ஒரு பெரிய கொள்ளை நோயே பேரிழப்பாகிவிடும். எனவே தடுப்பூசியும் இனக் காப்பில் ஒரு பகுதிதான். ஆட்டுக்கொல்லிக்கு மூன்று மாத வயதுக்கு மேல் ஒரு ஊசி. அதன் காப்பு மூன்று ஆண்டு நிற்கும். துள்ளுமாரிக்கு ஆண்டுதோறும், மழைக்கு முன். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை மேய்ந்து, மந்தையில் கொழுத்த குட்டி எதுவோ அதுவே இரவோடு இரவாகச் சாகும் நோய் இது. நீலநாக்கு வடகிழக்குப் பருவமழையோடு வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாத, கொசு போன்ற சிறு பூச்சி பரப்புகிறது. உதடும் முகமும் வீங்கி, எச்சில் வடிந்து, நடக்க முடியாமல் ஆடு ஒடுங்கும். ஐந்து வகைக் கிருமிகளுக்குச் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது; அதைப் புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும்.

குடற்புழுவுக்கு மாதாமாதம் எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மருந்துக்கு அசையாத புழுக்கள்தான் அதனால் பெருகும். கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவந்திருக்க வேண்டும். இளஞ்சிவப்பாகி வெளிறினால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு இருக்கிறது. தாடைக்குக் கீழே நீர் கட்டித் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று வண்ண அட்டையே உருவாக்கினார்கள். வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் எடை பார்த்து மருந்து ஊற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் அதே ஆடுகள் வெளிறினால் அவற்றையும் அவற்றின் குட்டிகளையும் கழித்துவிட வேண்டும். புழுவைத் தாங்கும் தன்மையும் மரபில் வருவதுதான். சினையின் முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். காவல் நாய்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாடாப்புழு மருந்து வேண்டும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும் சுற்று நோய், நாயின் வயிற்றில் வாழும் நாடாப்புழுவால் வருவது. இறந்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடுவதை நிறுத்தினாலே அது பாதி குறைந்துவிடும்.

வருமானத்தைக் குட்டி விற்பனையில் மட்டும் பார்க்கக் கூடாது. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்பது விவசாயிகளின் வழக்கு. ஆட்டுப் புழுக்கையில் ஏறத்தாழ 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து உண்டு. தொழு எருவைவிட நன்றாக அதிகம். மூத்திரத்தின் சத்து நேரே மண்ணில் இறங்குவதால்தான் கிடை போடுவதற்குக் காட்டுக்காரர்கள் இன்றும் காசு கொடுக்கிறார்கள். பெரிய மந்தை இல்லாதவர் தன் நிலத்திலேயே வலை கட்டி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கிடை அமர்த்தலாம். விதைப்புக்கு முன், ஆனியிலும் ஆடியிலும் இப்படி நகர்த்திக்கொண்டே போனால் உரச் செலவு வெகுவாகக் குறையும்.

கடைசியாக ஏடு. ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண், ஏட்டில் ஒரு வரி: தாய், தகப்பன், பிறந்த நாள், பிறந்தபோதும் மூன்று மாதத்திலும் எடை, போட்ட குட்டிகள். ஏடு இல்லாத பட்டியில் கிடாய்த் தேர்வு கண்ணால் பார்ப்பதோடு நின்றுவிடும். மேலே சொன்ன கிடாய் மாற்றமும் ஓரிரு ஆண்டில் குழம்பிவிடும். மாடு, எருமையைப் போலச் செம்மறிக்கு உறைவிந்து ஊசி எளிதில் பயன்படாது. செம்மறியின் கருப்பை வாய் வளைந்து குறுகியது என்பதால் சினைப்படுத்தல் கடினம். ஆகவே உயிருள்ள கிடாய்தான் இந்த இனத்தின் விந்து வங்கி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்களில் செம்மறி வளர்ப்புப் பயிற்சி நடக்கிறது. ஏடு எழுதும் முறையையும் தடுப்பூசி அட்டவணையையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேம்பூர் ஆடு வளர்க்க நினைப்பவர்கள் கொட்டகை போடும் முன் கிடாய் மாற்றிக்கொள்ள நாலு வீட்டாரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள், இந்தத் தையில் பிறக்கும் கிடாய்க் குட்டிகளில் முதல் தரமானதற்கு வியாபாரி என்ன விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள், இரண்டாவதை விற்றுக்கொள்ளுங்கள்.